நகக்கண்ணிலே ஒரு வரலாறு

மன்னர் முடி சூடியதும் படைகள் மோதியதுமே வரலாறு எனக் கொள்வோர்க்கு, விரல் நுனியிலுள்ள நகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்று கூறினால் நகைப்பே தோன்றும். ஆயினும் மனிதனை மனிதனாக்கியது உழைப்பு. உழைப்பின் முதற் கருவி கை. அக்கையின் எல்லையிலே நிற்பது நகம். ஒரு சமுதாயத்திலே எவருடைய கைகள் நாள் முழுதும் நீரில் ஊறுகின்றன, எவருடைய கைகள் ஊறுவதில்லை என்பதை அறிய விரும்புவோர் நகங்களை நோக்கினாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

நகச்சுற்று, நகச்சொத்தை என்று நம்மவர் வழங்கும் நோய்கள் பழமையானவை. நகத்தைச் சூழ்ந்த தோல் சிவந்து வீங்கி நோகும். நகம் நிறம் மாறித் தடித்துப் பொடியும். சில வேளைகளில் சதையை விட்டுக் கழன்றும் நிற்கும். தேசிக்காயைத் துளைத்து விரலிலே செருகிக்கொள்வது நம் பாட்டிமார் கண்ட பரிகாரம். உயிரைக் குடிக்கும் நோயன்று என்பதனால் இதனைப் பொருட்படுத்துவோர் அரியர். ஆனால் மீன் கழுவும் பெண்ணுக்கும், துணி வெளுக்கும் தொழிலாளிக்கும், உணவுச்சாலையின் பின்கட்டிலே கோப்பை கழுவும் இளைஞனுக்கும் விரல் நோவது என்பது அன்றைய கூலி நோவது என்பதேயாகும்.

நகத்தைப் பற்றும் பங்கசுகளுட் பெரும்பாலானவற்றை இரு கூட்டத்துள் அடக்கலாம். ஒன்று, தோலையும் நகத்தையும் உண்டு இழைகளாகப் படரும் தோற்பங்கசு. மற்றையது மதுவம், பாண் சுடுவோர் மாவிலே கலக்கும் ஈஸ்டுக்கு உறவான, உருண்டை வடிவுடைய ஒற்றைக் கலத்து உயிர். கால் நகங்களிலே முன்னையது மிகுதி. நீரில் ஊறும் கைவிரல்களிலே பின்னையது அடிக்கடி காணப்படும். வெறுங் கண்ணுக்கு இரண்டின் விளைவும் ஏறக்குறைய ஒன்று போலவே தோன்றும். ஆனால் ஒன்றை அழிக்கும் மருந்து மற்றையதைத் தீண்டாமலே விட்டுவிடக்கூடும். எனவே, நோயை விளைத்தது எது என்று பெயர் கூறுவதும், அப்பெயருடைய உயிருக்கு எம்மருந்து பொருந்தும் என்று சோதிப்பதும் ஒரே வேலையின் இரு பாதிகளாகும். இவ்விரண்டையும் மனித குலம் எங்ஙனம் கற்றுக்கொண்டது, அதற்கு விலை கொடுத்தவர் யார், பயன் கொண்டவர் யார் என்பதே நாம் இங்கு நோக்கவேண்டியது.

1839 ஆம் ஆண்டிலே ஜேர்மானிய வைத்தியரான லாங்கன்பெக், தைபசுக் காய்ச்சல் கண்ட ஒருவரின் தொண்டையிலும் உணவுக்குழாயிலும் ஒரு பங்கசைக் கண்டார். கண்டதில் தவறில்லை, பொருள் கொண்டதிலேதான் தவறு நேர்ந்தது. அதுவே தைபசின் காரணம் என அவர் கருதினார். இரண்டு ஆண்டுகளின் பின், 1841 இல், சுவீடனின் தலைநகரிலே அநாதைக் குழந்தைகளின் வைத்தியசாலையிற் கடமையாற்றிய பெர்க் என்பார், குழந்தைகளின் வாயிலே வெண்படலமாகப் படியும் வாய்வெண்புண்ணுக்குக் காரணம் இத்தகைய பங்கசே என நிறுவினார். அதை நிறுவுவதற்கு அவர் செய்தது யாது? நோயுற்ற குழந்தையின் வாய்ப் படலத்தை எடுத்து நோயற்ற குழந்தையின் வாயிலே இட்டுப் பார்த்தார். தாய் தந்தையற்ற பிள்ளைகளின் வாயே அன்று சோதனைக் குழாயாயிற்று. பாட நூல்களிலே பெர்க்கின் பெயர் உண்டு. அக்குழந்தைகளின் பெயர்கள் இல்லை. மறு ஆண்டிலே, ஹங்கேரியின் வறிய யூதக் குடும்பமொன்றிற் பிறந்து பாரிஸ் நகருக்குப் பிழைக்க வந்த டேவிட் குரூபி, பெர்க்கின் பணியை அறியாமலே அதே உண்மையைக் கண்டார். 1853 இல் சார்ள்ஸ் ரொபின் அவ்வுயிருக்கு இட்ட பெயரிலேதான் ‘அல்பிக்கன்ஸ்’ என்ற சொல் முதலில் வருகின்றது. வெளுப்பது என்பது அதன் பொருள்.

அதே 1853 இல், ஜேர்மனியின் கொட்டிங்கன் நகரில் அப்போது மாணவராயிருந்த ஜோர்ஜ் மைஸ்னர், நோயுற்ற நகத்தினுள்ளே பங்கசு இருத்தலை நுணுக்குக்காட்டியிற் கண்டு எழுதினார். அடுத்த ஆண்டிலே ருடோல்வ் விர்ஹோ அந்நோய்க்கு ஒனிக்கோமைக்கோசிஸ் என்ற பெயரைச் சூட்டினார். மேற் சைலீசியாவின் ஏழை மக்களிடையே பரவிய கொள்ளை நோயை 1848 இல் ஆராய்ந்து, அதற்கு மருந்து சனநாயகமும் கல்வியுமே என்று அறிக்கை எழுதியவர் இந்த விர்ஹோதான் என்பதை இவ்விடத்தில் நினைவு கூர்தல் தகும். நோய்க்குப் பெயர் கிடைத்தது. ஆனால் நோயை விளைத்த உயிர் எது என்பது தெளிவாகவில்லை.

இவ்விடத்திலே கதை நம் நாட்டுக்கு வருகின்றது. 1903 ஆம் ஆண்டிலே இத்தாலியரான அல்டோ கஸ்டெல்லானி பிரித்தானிய ஆட்சியின் ஊழியராகக் கொழும்புக்கு வந்து, இங்கிருந்த பற்றீரியா ஆய்வு நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். 1915 வரை இங்கேயே பணி புரிந்தார். அவர் இங்கிருந்த காலத்திலே, 1910 முதல் 1912 வரையான ஆண்டுகளில் விவரித்த மதுவங்களுள் மூன்று, இன்றும் உலகெங்குமுள்ள ஆய்வுகூடங்களிற் பேசப்படுகின்றன: துரொப்பிக்காலிஸ், குருசெய், கில்லியர்மொண்டி. இவை மூன்றும் நோயுற்ற நகங்களிலிருந்து பின்னாளிற் பிரித்தெடுக்கப்பட்ட மதுவங்களின் பட்டியலிலும் இடம்பெறுவன. ஒவ்வொரு மதுவமும் எவ்வெச் சருக்கரையைப் புளிக்கச் செய்கின்றது, எதனைத் தீண்டாது விடுகின்றது என்று வரிசையாகச் சோதித்து ஒன்றினின்று ஒன்றைப் பிரிக்கும் முறையை அவர் விரிவாகக் கையாண்டார். அம்முறையின் வழிவந்த சோதனைகள் இன்றும் வழக்கிலுள்ளன.

கஸ்டெல்லானியின் திறமையை மறுத்தல் நேர்மையாகாது. ஆயினும் அவர் இட்ட பெயர்களை ஒரு கணம் உற்று நோக்குவோம். குருசெய் என்பது ஜேர்மானிய அறிஞர் குருசேயின் நினைவு. கில்லியர்மொண்டி என்பது பிரெஞ்சு அறிஞர் கில்லியர்மொனின் நினைவு. துரொப்பிக்காலிஸ் என்பது வெப்ப நாட்டது என்று பொருள்படும். சளியையும் மலத்தையும் கொடுத்த இந்நாட்டு நோயாளர் எவரும் அப்பெயர்களில் இல்லை. அவர்கள் ‘வெப்ப நாடு’ என்ற ஒரே சொல்லிலே கரைந்து போயினர். தேயிலைத் தூளை முகர்வோரிடமும் தேயிலைத் தொழிற்சாலையில் உழைப்போரிடமும் காணப்பட்ட இருமலுக்கும் இத்தகைய பங்கசுகளே காரணம் என அவர் எழுதினார். ஆனால் மதுவங்கள் நலமுடையோரின் வாயிலும் குடலிலும் இயல்பாகவே வாழ்பவை. சளியில் அவை காணப்படுவது கொண்டே நோய்க்காரணம் என்று முடிவு கட்டலாகாது எனப் பிற்கால ஆய்வாளர் எச்சரித்தனர். தூசி நிறைந்த தொழிற்சாலையிலே ஒருவன் இருமினால், முதலிற் கேட்கவேண்டியது அங்குள்ள தூசியைப் பற்றியல்லவா? ஈழத்தை விட்டுச் சென்ற கஸ்டெல்லானி, 1935 இல் முசோலினி எத்தியோப்பியாவின் மீது படையெடுத்தபோது அப்படையின் மருத்துவச் சேவைத் தலைவராக விளங்கினார். அறிவு கூர்மையாயிருப்பது ஒன்று. அது யார் பக்கம் நிற்கின்றது என்பது வேறொன்று.

பெயர்களின் குழப்பம் நாளுக்கு நாள் பெருகிற்று. அல்பிக்கன்ஸ் என்ற ஒரே மதுவத்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் காலப்போக்கில் ஏற்பட்டன. அழுகும் பழத்திலே வளரும் பங்கசையும் மனிதனைப் பற்றும் மதுவத்தையும் மொனீலியா என்ற ஒரே பேரினத்துள் அடைத்திருந்தனர். இச்சிக்கலை அவிழ்க்கத் தொடங்கியவர் ஓர் இளம் பெண். 1923 ஆம் ஆண்டிலே நெதர்லாந்தின் ஊட்ரெக்ட் பல்கலைக்கழகத்திற்குச் சமர்ப்பித்த ஆய்வேட்டில் கிறிஸ்தீன் பெர்க்ஹூட் இவற்றைப் பிரித்து, கன்டிடா என்ற புதிய பேரினத்தை வகுத்தார். 1931 இல், நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடா பென்ஹம், மனிதனிடம் வாழும் இம்மதுவங்களை வடிவத்தாலும் குருதிப்பாயத்தோடு அவை திரளும் முறையாலும் இனங்காணும் வழியை விளக்கினார். 1960 அளவிலே கிளேர் டாஷ்ஜியனும் அவருடைய தோழரும் எளிய சோதனையொன்றை வழக்கிற்குக் கொணர்ந்தனர். மனிதக் குருதிப்பாயத்திலே மதுவத்தை இட்டு உடற்சூட்டில் வைத்தால், அல்பிக்கன்ஸ் இரண்டு மூன்று மணி நேரத்தில் முளைவிட்ட பயறு போலச் சிறு குழாயொன்றை நீட்டும். ஏனைய மதுவங்களுட் பெரும்பாலானவை நீட்டா. பொருட் செலவின்றிச் செய்யக்கூடிய இச்சோதனையை இன்றும் வறிய நாடுகளின் ஆய்வுகூடங்கள் நம்பியிருக்கின்றன.

இனி மருந்தின் கதைக்கு வருவோம். பெனிசிலினும் அதன் பின் வந்த மருந்துகளும் பற்றீரியாக்களை அழித்தன. ஆனால் பற்றீரியாக்கள் ஒழிந்த இடத்திலே மதுவங்கள் பல்கிப் பெருகின. ஒரு வெற்றியே மற்றொரு முரண்பாட்டை ஈன்றது. இந்நிலையில், 1948 ஆம் ஆண்டிலே, நியூயோர்க் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தின் ஊழியர் இருவர் கைகோத்தனர். ஒருவர் எலிசபெத் ஹேசன். மிசிசிப்பி மாநிலத்திலே பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து உறவினரால் வளர்க்கப்பட்டவர். பங்கசியலைக் கொலம்பியாவின் பென்ஹமிடம் பயின்றவர். மற்றவர் இரசாயனவியலாளரான ரேச்சல் பிரவுண். ஹேசன் நியூயோர்க் நகரில். பிரவுண் ஏறத்தாழ 150 மைல் தொலைவிலுள்ள அல்பனி நகரில். பல இடங்களிலிருந்தும் வந்த மண்ணிலே வாழும் நுண்ணுயிர்களை ஹேசன் வளர்த்து, அவற்றுட் கன்டிடாவை எதிர்ப்பவற்றைத் தேர்ந்து, கண்ணாடிச் சாடியில் அடைத்துத் தபாலில் அனுப்புவார். பிரவுண் அதிலிருந்து செயற்படும் பொருளைப் பிரித்தெடுத்து மீண்டும் தபாலில் அனுப்புவார். ஹேசன் அதனைப் பங்கசின் மீதும் பின்னர் எலியின் மீதும் சோதிப்பார். பங்கசைக் கொன்ற பொருள்கள் பல. ஆனால் அவை எலியையும் கொன்றன. இறுதியில் வேர்ஜீனியா மாநிலத்துப் பாற்பண்ணையொன்றின் மண்ணிலிருந்த நுண்ணுயிர் ஒன்று, பங்கசைக் கொன்று எலியை விட்டுவைக்கும் பொருளைத் தந்தது. 1950 இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. நியூயோர்க் மாநிலத்தின் பெயரால் நிஸ்ட்டற்றின் என வழங்கலாயிற்று. 1954 இல் மருந்தாக விற்பனைக்கு வந்தது.

அம்மருந்தினால் 1 கோடியே 30 இலட்சம் டொலருக்கு மேல் உரிமைப் பணம் திரண்டது. அவ்விரு பெண்களும் அதில் ஒரு சதமேனும் தமக்கென எடுத்துக்கொள்ளவில்லை. ஆராய்ச்சிக்கு உதவும் நிதியங்களுக்கே முழுவதும் சென்றது; அதன் ஒரு பாதி பங்கசியல் பயிலும் இளைஞர்க்கும் ஆய்வாளர்க்கும் துணை புரிந்தது. பொதுமக்களின் வரிப்பணத்தால் நடந்த கூடத்திலே பிறந்த அறிவு பொதுமக்களுக்கே மீளவேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. முதலாளித்துவத்தின் தலைமைப் பீடமான நாட்டிலேயே இது நிகழ்ந்தது என்பதும் மனங்கொளத்தக்கது.

நிஸ்ட்டற்றின் நகத்தைச் சூழ்ந்த தோலிலே பூசப் பயன்பட்டது; தடித்த நகத்தை ஊடுருவும் ஆற்றல் அதற்குக் குறைவு. மேலும் அது மதுவத்தை அழிக்குமேயன்றித் தோற்பங்கசின் மீது பயன் தருவதில்லை. இதற்கு நேர்மாறானது கிறிசியோஃபல்வின். 1939 இலேயே இலண்டனில் ரெய்ஸ்ட்ரிக் குழுவினராற் பிரித்தெடுக்கப்பட்ட இப்பொருள், 1958 இலேதான் உட்கொள்ளும் மருந்தாகக் கூடும் எனக் கிளாஸ்கோ நகரின் ஜென்டில்ஸ் என்பவரால் விலங்குகளிற் காட்டப்பட்டது. தோற்பங்கசு பற்றிய நகத்துக்கு அது வரப்பிரசாதமாயிற்று. மதுவத்தின் மீதோ அது சிறிதும் செயற்படுவதில்லை. நகத்தின் துணுக்கொன்றைச் சுரண்டி எடுத்துப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டிலே இளக்கி நுணுக்குக்காட்டியிற் பார்க்காமலும், வளர்ப்பூடகத்தில் இட்டு வளர்த்துப் பெயர் அறியாமலும் மருந்து கொடுத்தால், மாதக்கணக்காக விழுங்கிய மாத்திரை அனைத்தும் வீணாகலாம். வீண் மட்டுமன்று, தீங்கும் விளையலாம். 1981 இல் வந்த கீற்றோகொனசோல் மாத்திரை இருவகைப் பங்கசையும் தாக்கியதாற் போற்றப்பட்டது. ஆனால் ஈரலுக்கு அதனால் நேரும் கேட்டைக் கண்டு, நகநோய்க்கு அதனை வழங்கலாகாது என 2013 இல் அமெரிக்க மருந்து நிருவாகம் விலக்கிற்று.

மருந்தைச் சோதிக்கும் முறையிலும் நெடுங்காலம் ஒழுங்கு இருக்கவில்லை. அடிப்படை எளிது. வரிசையாக வைத்த குழாய்களிலே மருந்தைப் பாதி பாதியாகக் குறைத்து இட்டு, ஒவ்வொன்றிலும் மதுவத்தைச் சேர்த்து, அதன் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவைக் காண்பதே அது. ஆனால் எவ்வளவு மதுவம், எந்த ஊடகம், எத்தனை மணி நேரம் என்பன கூடத்துக்குக் கூடம் வேறுபட்டன. ஆதலால் ஒரே மதுவத்துக்கு ஒரு கூடம் கூறிய விடையை மற்றொரு கூடம் மறுத்தது. 1982 இல் அமெரிக்க ஆய்வுகூடத் தரக்குழு இதனைச் சீர்செய்ய ஓர் உபகுழுவை அமைத்தது. பல கூடங்கள் ஒரே மதுவத்தைத் தமக்குள் பகிர்ந்து சோதித்து ஒப்பிட்ட பின்னர், 1997 இலேதான் அங்கீகரிக்கப்பட்ட பொது முறை வெளிவந்தது. பின்னர் ஐரோப்பியரும் தமக்கென ஒரு முறையை வகுத்தனர். அறிவியல் என்பது தனி மேதையின் மின்னலன்று. பலர் ஒரே அளவுகோலை ஏற்றுக்கொண்டு செய்யும் கூட்டு உழைப்பு என்பதையே இப்பதினைந்து ஆண்டுகள் காட்டுகின்றன.

கொழும்பிலே விவரிக்கப்பட்ட குருசெய் மதுவம் இவ்விடத்தில் மீண்டும் நினைவுக்கு வருகின்றது. 1990 அளவில் வழக்குக்கு வந்த புளுக்கொனசோல் என்னும் மருந்தை அம்மதுவம் இயல்பாகவே எதிர்த்து நிற்பது. அல்பிக்கன்சுக்குப் பொருந்தும் மருந்து அதற்குப் பொருந்தாது. பெயர் அறியாது மருந்திடும் வைத்தியன் இருளிலே கல்லெறிபவனாவான். 2009 இல் ஜப்பானிய நோயாளி ஒருவரின் காதிலிருந்து முதன் முதலிற் கண்டறியப்பட்ட கன்டிடா ஓரிஸ், நகத்தை விட்டுக் குருதியிற் பரவி வைத்தியசாலைகளை அச்சுறுத்தும் மதுவமாகும். வழக்கமான சோதனைக் கருவிகள் அதனை வேறு மதுவத்தின் பெயராற் பிழையாக அழைத்தமையால், பல இடங்களிலே அது மறைந்தே பரவிற்று. 1839 இல் லாங்கன்பெக் செய்த தவறு, கருவிகள் மாறிய பின்னும் நம்மை விட்டு நீங்கவில்லை.

ஆனால் பெயர் தெரிந்து, மருந்தும் தெரிந்து, அது கைக்கு எட்டாதிருந்தால்? தென்னாபிரிக்காவிலே 2000 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது அதுதான். எயிட்சு நோயுற்ற கிறிஸ்டோபர் மொராக்கா என்ற தோழர், வாயையும் தொண்டையையும் மதுவம் மூடிய நிலையிலே பாராளுமன்றக் குழுவின் முன் வந்து, புளுக்கொனசோல் தமக்கு எட்டாத விலையில் இருப்பதை எடுத்துரைத்தார். அவ்வாண்டு ஜூலையில் இறந்தார். அவருடைய பெயராலேயே இயக்கம் ஒன்று எழுந்தது. ஆக்கவுரிமை பெற்ற கொம்பனியின் விலையோடு ஒப்பிட்டாற் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலையிலே அதே மருந்து தாய்லாந்திற் கிடைத்தது. சக்கி அச்மட்டும் அவருடைய தோழரும் அதனைச் சட்டத்தை மீறி நாட்டுக்குள் வெளிப்படையாகக் கொணர்ந்தனர். இன்று அவ்வாக்கவுரிமை காலாவதியாகி மருந்து மலிந்துவிட்டது. எனினும் ஹேசனும் பிரவுணும் ஈட்டிய பணம் சென்ற வழியையும், மொராக்காவின் வாயை மூடிய விலைச்சீட்டையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு, அறிவு எவருடைய உடைமையாதல் வேண்டும் என்ற வினாவுக்கு விடை தேடி அலையவேண்டியதில்லை.

நம் நாட்டிலும் இவ்வினா எழுப்பப்பட்டது. 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராகிய பேராசிரியர் சேனக பிபிலை, மருந்துகளைக் கொம்பனிகளின் வியாபாரப் பெயராலன்றி அவற்றின் சொந்தப் பெயராலேயே வழங்கவேண்டும் என வற்புறுத்தினார். ஒரே மருந்து பத்து வியாபாரப் பெயர்களிலே பத்து விலையில் விற்கப்படுவது மக்களை ஏமாற்றுவதே என்பது அவர் கருத்து. நோயை விளைத்த உயிரின் சரியான பெயரை ஆய்வாளர் தேடினர். மருந்தின் சரியான பெயரைப் பிபிலை தேடினார். இரண்டும் ஒரே போராட்டத்தின் இரு முனைகள் எனலாம்.

இறுதியாக, நகத்துக்கே திரும்புவோம். நகச்சுற்றைப் பற்றி இன்றைய வைத்தியர் கூறுவது உழைப்போரின் உரிமையோடு தொடர்புடையது. ஓயாத நீரும் சவர்க்காரமும் கடுமையான இரசாயனங்களும் நகக்கண்ணை மூடிக் காக்கும் மெல்லிய தோலை முதலிற் சிதைக்கின்றன. அவ்வழியாகவே மதுவம் உட்புகுகின்றது. எனவே, மதுவத்தை மட்டும் அழித்துவிட்டு அதே கையை மறுநாள் அதே தொட்டிக்குள் அனுப்பினால் நோய் மீளும். கைந்நகம் முழுவதும் புதிதாக வளர ஏறக்குறைய ஆறு மாதம் செல்லும். அந்த ஆறு மாதமும் கையை உலர்வாக வைத்திரு என்று வைத்தியர் கூறலாம். அவ்வாறு வைத்திருக்கத் தொழிலாளிக்கு விடுவது யார்?

ஆகவே நாம் கோரவேண்டியவை தெளிவானவை. நீரில் உழைப்போருக்குக் கையுறையும் கை உலர்த்த ஓய்வும் வேண்டும். மாவட்ட வைத்தியசாலை தோறும் நகத்துணுக்கை நோக்க ஒரு நுணுக்குக்காட்டியும், மதுவத்தைப் பெயரிட்டழைக்கப் பயின்ற ஒருவரும் வேண்டும். பொருந்தும் மருந்து, பொருந்தும் விலையிலே, அதன் சொந்தப் பெயரிலே கிடைத்தல் வேண்டும். விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்கள் மதுவத்தைப் பற்றிய பாடத்தைப் பாணோடும் கள்ளோடும் நிறுத்திவிடாது, அது எவர் கைகளிலே குடியேறுகின்றது என்பதையும் மாணவர்க்கு எடுத்துரைப்பார்களாக. கன்டிடாவின் வரலாற்றை எழுதியவர்கள் நுணுக்குக்காட்டியைக் குனிந்து நோக்கியவர்கள் மாத்திரமல்லர். ஸ்டொக்ஹோமின் அநாதைக் குழந்தைகளும், கொழும்பின் பெயரற்ற நோயாளரும், தொட்டியருகே குனிந்து நிற்கும் கைகளும் அதனை எழுதியவர்களே. அவ்வரலாற்றின் பயன் அவர்களைச் சென்றடையும் வரை அது முற்றுப்பெற்றதாகாது.